அவரை எழுப்பிக் கேட்டீர்களா?

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முதலில் எழுந்தவர் ஓர் ஆவணப்பட இயக்குநர். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்தவர்தான். "இது பித்தலாட்டம். ஆவணப்படம்னு சொல்லி நம்மள ஏமாத்தியிருக்காங்க" என்றார். இருபது, இருபத்தைந்து பேர் இருந்தோம். பாதிப்பேர் தலையை ஆட்டினார்கள். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அன்று விட்டதை இங்கே எழுதுகிறேன்.

படம் 'பிளடி நோஸ், எம்ப்டி பாக்கெட்ஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த பில் ராஸ், டர்னர் ராஸ் என்ற சகோதரர்கள் எடுத்தது. 2020 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில், அமெரிக்க ஆவணப்படங்களுக்கான போட்டிப் பிரிவில் முதலில் காட்டப்பட்டது. லாஸ் வேகாஸ் நகரம் என்றதும் நினைவுக்கு வரும் ஜிகினா விளக்குகளுக்கெல்லாம் தள்ளி, 'ரோரிங் ட்வென்டீஸ்' என்று ஒரு சின்ன பார். அதை மூடப்போகிறார்கள். இன்றுதான் கடைசி நாள். காலையில் தொடங்கி மறுநாள் விடிகிறவரை அந்த பாருக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், பாடுகிறார்கள், சண்டைபோடுகிறார்கள், அழுகிறார்கள். அவ்வளவுதான் கதை. மைக்கேல் என்று ஒருவர், வயதாகிவிட்டவர், காலையில் பாரின் கழிப்பறையிலேயே முகம் மழித்துக்கொள்கிறார். அவருக்கு வீடு அதுதான் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. படைவீரராக இருந்த கறுப்பர் ஒருவர், நாட்டுக்காகப் போனவனை நாடு எப்படி வைத்திருக்கிறது பார் என்று மனமுடைந்துபோகிறார். ராத்திரி பாரில் ஊற்றிக்கொடுக்கும் பெண்ணுக்கு வயதுக்கு வரும் பருவத்தில் ஒரு மகன். அவன் கூட்டாளிகளோடு அந்த பாரின் பின்சந்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறான். அவள் ஒரு கண்ணைக் குடிகாரர்கள் மேலும் இன்னொரு கண்ணை அவன்மேலும் வைத்துக்கொண்டே வேலை செய்கிறாள்.

நம் இயக்குநருக்குக் கோபம் எதற்கு? அந்த பார் லாஸ் வேகாஸில் இல்லை. தெருக்காட்சிகள்தான் லாஸ் வேகாஸ். உள்ளே நடப்பதெல்லாம் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் உள்ள ஒரு பாரில் எடுத்தது. அந்த பார் மூடப்படவும் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களைச் சகோதரர்கள் வேறு வேறு பார்களில் தேடிப்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். மைக்கேலாக வரும் மைக்கேல் மார்ட்டின் நடிப்பு அனுபவம் உள்ளவர். இன்று கடைசி நாள் என்ற சூழ்நிலையை மட்டும் கொடுத்துவிட்டு, வசனம் எதுவும் எழுதித் தராமல், நிஜமான சரக்கையே ஊற்றிக் கொடுத்து, இரண்டு கேமராக்களோடு கூடவே இருந்திருக்கிறார்கள். வந்த பேச்சு அவர்களுடைய பேச்சு. வந்த அழுகையும் அவர்களுடையதுதான்.

இதைத்தான் பித்தலாட்டம் என்கிறார். நடந்ததை எடுக்கவில்லை, நடக்கவைத்து எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

தோழர்களே, இந்தக் குரல் நமக்குப் புதிதா? 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இது நாவலா, தன்வரலாறா, எதில் சேர்ப்பது என்று எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! கதையாக எழுதினால் மிகைப்படுத்திவிட்டான் என்பார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் இதில் இலக்கியம் எங்கே என்பார்கள். சாட்சி சொல்ல வந்தவனின் சாட்சியத்தைத் தரம்பிரிக்கும் வேலை எப்போதும் வேறு யாரோ கையில்தான் இருக்கிறது.

'ஆவணப்படம்' என்கிறோமே, அந்த ஆவணம் என்ற சொல்லையே கொஞ்சம் கவனியுங்கள். தமிழ் எம்.ஏ. படித்ததில் எனக்கு மிஞ்சியது இந்த மாதிரிச் சில்லறைகள்தான். சங்க இலக்கியத்தில் அது கடைத்தெரு. பிற்பாடு ஓலைப்பத்திரம். பெரியபுராணத்தில் கல்யாணப் பந்தலில் நுழைந்த கிழவேதியர் சுந்தரரைத் தன் அடிமை என்று சொல்லிக் காட்டுகிறாரே, அந்த ஆளோலை ஓர் ஆவணம்தான். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப்போட்டார். நீ கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர் வேதியர் சபையில் நீட்டினார் கிழவர். சபை கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை உண்மைதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பக்தர்களுக்கு அது திருவிளையாடல். எனக்குத் தோன்றுவது வேறு. அந்தச் சபை ஓலை நிஜமா என்று மட்டும்தான் பார்த்தது. ஆளை ஆள் அடிமையாக எழுதிவைத்துக்கொள்ளலாமா என்று கேட்கவில்லை. ஆவணம் சுத்தமாக இருந்தது, அவ்வளவு போதும் அவர்களுக்கு.

என் அப்பாவைப் பற்றியும் ஓர் ஆவணம் இருந்தது. அதை முதல்முறையாகச் சொல்கிறேன்.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது எங்களை வரிசையாக டவுனுக்கு அழைத்துப்போனார்கள். மதுவிலக்குக் கண்காட்சி. நல்ல நோக்கம்தான், யார் இல்லையென்றார்கள்? ஒரு மண்டபத்தில் பெரிசு பெரிசாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஈரல் எப்படி அழுகும் என்று ஒன்று. விபத்தில் நசுங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று. நாலாவதோ ஐந்தாவதோ, மதகுக் கட்டைக்குக் கீழே ஒரு ஆள் குப்புற விழுந்து கிடக்கிறான். லுங்கி தொடைக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு நாய். கீழே எழுதியிருந்தார்கள்: 'இவர் வீட்டில் இன்று அடுப்பு எரியுமா?'

அப்பாவின் குதிகால் வெடிப்பை எனக்குத் தெரியாதா?

கூடவந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி நாயைக் காட்டி ஏதோ சொன்னாள். நானும் சிரித்தேன். இது எங்கப்பா என்று சொல்லவில்லை. ஐயா, இந்தப் படத்தை எடுத்துடுங்க என்று யாரிடமும் கேட்கவில்லை. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். பஸ்ஸில் ஏறும்போது கொடுத்த மிட்டாயையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது நம் இயக்குநரின் அளவுகோலை எடுத்து அந்தப் படத்தை அளந்து பாருங்கள். அப்பட்டமான உண்மை. யாரும் அப்பாவை அங்கே படுக்கச்சொல்லவில்லை. நாயைக் கூட்டிவந்து கட்டவில்லை. சேர்த்தது ஒன்றுமில்லை, மறைத்தது மட்டும் கொஞ்சம். படத்தின் இடது ஓரத்தில், நுனியில், ஒரு தோல்வார் தெரிந்தது. பறையின் வார். பறை இல்லாமல் அப்பா எங்கேயும் விழுந்ததில்லை. அது பக்கத்தில்தான் கிடந்திருக்கும். எடுத்தவர் கோணத்தை ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தால் அதுவும் விழுந்திருக்கும்.

பறை விழுந்திருந்தால் படத்தின் கதையே வேறு. முந்தின நாள் ஊர்த்தெருவில் ஒரு பெரிய சாவு. சாயங்காலம் போனவர்கள் மறுநாள் பிணம் எடுத்து சுடுகாடு சேர்கிறவரை அடிக்க வேண்டும். நெருப்புக் காய்ச்சி, அடித்து, தொய்ந்தால் மறுபடி காய்ச்சி, மறுபடி அடித்து. நாலு பேருக்குமாகச் சேர்த்து ஒரு தொகை, அதற்குமேல் ஆளுக்கு ரெண்டு குவாட்டர். குவாட்டர் இனாம் என்று நினைக்காதீர்கள், கூலியில் கழித்துக்கொள்வார்கள். ஒருமுறை அப்பா, "பணமாவே குடுத்துடுங்க, பொண்ணு படிக்குது" என்று கேட்டதற்கு, "என்னடா புதுப் பழக்கம், குடிக்காம மேளம் அடிப்பியா நீ?" என்று சிரித்தார்களாம். குடித்தால்தான் அடிப்பான் என்று ஊற்றிக்கொடுப்பதும் அவர்கள், அடித்துமுடித்து விழுந்துகிடந்தால் கண்காட்சி வைப்பதும் அவர்கள் வகையறாதான். வாரை வெட்டியெறிந்த அந்தச் சட்டகத்தை நான் மேல்சாதிச் சட்டகம் என்கிறேன். அதற்குள் விழும் குடிகாரனுக்குத் தொழில் இருக்காது, கூலி பாக்கி இருக்காது, மகள் இருக்கமாட்டாள். நாய் மட்டும் இருக்கும்.

அடுப்பு எரியுமா என்று கேட்டிருந்தார்களே. எரிந்தது. அம்மா நாற்று நட்டு வந்த கூலியில்.

ராஸ் சகோதரர்களின் படம் இதற்கு நேர் எதிர். இடம் பொய், சந்தர்ப்பம் பொய். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் தான் கேமரா முன்னால் இருக்கிறோம் என்று தெரியும். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டு, அழைத்துவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். தன் தோல்வியைப் பற்றித் தானே கிண்டலாகப் பேச மைக்கேலுக்கு அதில் இடம் இருக்கிறது. ஈரல் படம் இல்லை. திருந்து என்ற உபதேசம் இல்லை. குடித்திருக்கும் மனிதன் மனிதனாகவே இருக்கிறான், சில நேரம் சகிக்கமுடியாத மனிதனாக. எங்கள் தெருவில் யாராவது அப்பாவிடம், "நாளைக்கு உன்னைப் படம் எடுக்கிறோம், ஒரு சாவுமேளம் முடிச்சு வர்ற மாதிரி இரு, மிச்சத்தை நீயே பேசு" என்று சொல்லியிருந்தால் அது நடக்கவைத்த காட்சியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பறையை அப்பா சட்டகத்துக்கு வெளியே விட்டிருக்கமாட்டார்.

இவ்வளவு சொல்வதால் அந்தப் படத்துக்கு நான் சான்றிதழ் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். குடிகாரனின் மகள் நான். பாருக்குள் விடியவிடிய ததும்பும் அந்தப் பாசத்தை நம்புவது எனக்குக் கஷ்டம். பாரில் கட்டிப்பிடித்து அழுத கை வீட்டில் என்ன செய்யும் என்று தெரியும். அம்மாவின் இடது தோளில் இன்னும் இருக்கிறது அந்தத் தழும்பு. ஊர்த்தெருவில் வாங்கியதை அப்பா வீட்டில் கொடுத்தார், இதற்கு எந்தக் கோட்பாடும் சமாதானம் சொல்லவேண்டாம். நம் பத்திரிகைகளில் குடியைக் கலகம் என்றும் மேட்டிமை ஒழுக்கத்துக்கு எதிர்ப்பண்பாடு என்றும் எழுதிய காலம் உண்டு. எழுதிய தோழர்கள் எல்லாம் ஆண்கள். அந்தக் கலகம் முடிந்து வந்தவனுக்குச் சோறுபோட்டவர்களை ஒருவரும் பேட்டி எடுக்கவில்லை.

அம்மாவுக்கு லேப்டாப்பில் இந்தப் படத்தைக் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். மொழி புரியாது. பத்து நிமிஷம் பார்த்தார். "ஏம்மா, இவங்களுக்கெல்லாம் ராத்திரி யாரு சோறு வைக்கிறது?" என்று கேட்டார். படத்தில் அதற்குப் பதில் இல்லை. பாரை விட்டு எவர் வீட்டுக்குள்ளும் கேமரா போகவில்லை. ராத்திரி ஊற்றிக்கொடுக்கும் அந்தப் பெண் மகனைத் தேடிப் பின்சந்துக்கும் கவுண்டருக்குமாக நடக்கிறாளே, அந்த நடையில் மட்டும்தான் வீடு என்று ஒன்று எட்டிப்பார்க்கிறது. எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது அவள்தான். அவளைச் சுற்றி ஒரு படம் எடுத்திருக்கலாம்.

சம்மதம் வாங்கிவிட்டால் கணக்கு முடிந்ததா என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பழைய ஒரு கதை உண்டு. 'ஆன் தி பவரி' என்று ஒரு படம், 1956. எடுத்தவர் லயனல் ரோகோசின், ஜவுளி ஆலை முதலாளியின் மகன். நியூயார்க்கில் பவரி என்ற தெரு அன்றைக்கு வீடில்லாத குடிகாரர்களின் தெரு. மலிவு ஒயின், கம்பிவலை போட்ட கூண்டு மாதிரி ஒண்டுக்குடித்தன விடுதி, நடைபாதை, ஓசிச் சோற்றுக்குப் பிரசங்கம் கேட்கவேண்டிய மிஷன். ரோகோசின் உடனே கேமராவைத் தூக்கவில்லை. மாதக்கணக்கில் அவர்களோடு சுற்றினார், அவர்களோடு குடித்தார். பிறகு அவர்களில் இருவரையே வைத்து ஒரு சின்னக் கதை செய்தார். ரயில்பாதை வேலைமுடித்துப் பெட்டியோடு வரும் ரே சாலியர் என்ற இளைஞன். அவன் குடித்து விழுந்ததும் அவன் பெட்டியையே திருடி விற்றுவிட்டு, பிறகு அந்தக் காசிலேயே ஒரு பங்கைத் தன் தயவு மாதிரி அவனிடம் கொடுக்கும் கிழவர் கோர்மன் ஹென்றிக்ஸ். அந்த ஒரு செய்கையில் பவரி முழுவதும் இருக்கிறது. இருவருமே நிஜமான பவரிவாசிகள், சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள்.

படம் வெனிஸில் பரிசு வாங்கியது, ஆஸ்காருக்கு ஆவணப்படப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. கோர்மன் அதைப் பார்க்கவில்லை. இன்னும் குடித்தால் செத்துப்போவாய் என்று மருத்துவர் அவரை எச்சரித்திருந்தார். படப்பிடிப்பு முடியும்வரை அடக்கிக்கொண்டிருந்தார். முடிந்ததும் குடிக்கப் போனார், படம் வெளியாவதற்குள் இறந்துவிட்டார். ரேவுக்கு ஹாலிவுட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர் ஏற்கவில்லை, சில காலத்தில் எங்கேயோ காணாமல்போனார்.

இதில் ரோகோசினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆளைப்போல உட்கார்ந்து பழகியவர்கள் குறைவு. ஆனாலும் நெருடுகிறது. ஒரு மனிதன் படத்துக்காகச் சில வாரம் உயிரோடு இருந்திருக்கிறான். அவனுக்கு அதுவரை யாரும் கொடுக்காத ஒரு வேலையைப் படம் கொடுத்தது. பிறகு வேலை முடிந்துவிட்டது. படம் எடுக்கிறவர்களுக்குப் பேக்கப் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எடுக்கப்பட்டவனுக்கு அது கிடையாது, அவன் அங்கேயேதான் இருக்கிறான்.

ரோகோசினுக்குப் பவரி ஒரு பயிற்சி. அவர் எடுக்க நினைத்தது தென்னாப்பிரிக்க நிறவெறியைப் பற்றிய படம். 1959இல் வந்த 'கம் பேக், ஆப்பிரிக்கா' அதுதான். பாட்டும் கூத்துமாக ஏதோ படம் எடுக்கிறோம் என்று அதிகாரிகளை நம்பவைத்துவிட்டு, ஜோகன்னஸ்பர்க்கில் ரகசியமாக எடுத்தார். இங்கேயும் பொய் சொல்லித்தான் உண்மையை எடுக்க முடிந்தது, நம் இயக்குநர் குறித்துக்கொள்ளட்டும். கதையை லூயிஸ் இன்கோசி, பிளோக் மொடிசானே என்ற இரண்டு கறுப்பின எழுத்தாளர்களோடு உட்கார்ந்து செய்தார். நடித்தவர்கள் அந்த ஊர் மக்கள். பாதி நிஜம், பாதி கதை. சோஃபியாடவுன் என்ற அந்தக் கறுப்பர் குடியிருப்பை அரசாங்கம் 1955லிருந்து இடித்துக்கொண்டிருந்தது. இடிபடும் ஊரில் நின்றுதான் எடுத்தார்கள்.

அதில் ஒரு ஷெபீன் காட்சி வருகிறது. ஷெபீன் என்றால் வீட்டுக்குள் நடக்கும் திருட்டுச் சாராயக்கடை. வெள்ளைக்காரன் குடிக்கும் பிராந்தி, விஸ்கியைக் கறுப்பன் வாங்குவதே அங்கே சட்டப்படி குற்றம். 1962இல்தான் அந்தத் தடை போனது. அதனால் ஷெபீன்கள் முளைத்தன, நடத்தியவர்களில் மிகுதி பெண்கள். அந்தக் காட்சியில் இன்கோசி, மொடிசானே, கேன் தெம்பா எல்லாம் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் தெரியுமா? அனுதாபமுள்ள வெள்ளைத் தாராளவாதிகள் கறுப்பனை எப்படி எழுதுகிறார்கள் என்று. ஆலன் பேட்டனின் புகழ்பெற்ற நாவலை எடுத்துவைத்துக் கிழிக்கிறார்கள். பாவம், நல்லவன், அடக்கமானவன் என்று எங்களை எழுதுகிறானே, இவன் யார் என்கிற தொனி. பேச்சு நடுவில் மிரியம் மகேபா வந்து பாடுகிறார்.

குடிக்கிறவன், தன்னைப் பார்க்கிறவனைப் பற்றிப் பேசும் காட்சி அது. நான் திரும்பத்திரும்பப் போட்டுப் பார்த்தேன். நம்மூரில் எத்தனை படத்தில் குடிக்கும் காட்சி வந்திருக்கிறது! பாருக்கு ஒரு பாட்டு, காதலில் தோற்றவனுக்கு ஒரு தாடி, சிரிப்புக்கு ஒரு குடிகாரன், ஓரத்தில் சட்டப்படி ஓர் எச்சரிக்கை வரி. அந்தக் குடிகாரன் ஒருநாளாவது திரும்பி, என்னை ஏன்டா இப்படிக் காட்டுற என்று கேட்டிருக்கிறானா? ராஸ் சகோதரர்களின் படத்திலும் இது இல்லை. அவர்களுடைய ஆட்கள் நன்றாகப் பேசுகிறார்கள், ஆனால் தங்களை எடுக்கும் கேமராவைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதைப் பேசவிட்டிருந்தால் பித்தலாட்டம் என்ற கூச்சலுக்கே இடம் இருந்திருக்காது.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. அந்த இயக்குநர் எனக்குப் புதியவரல்ல. திரையிடலுக்கு ஒரு மாதம் முன்பு போன் செய்திருந்தார். எங்கள் காலனிக்குப் பக்கத்தில் உள்ள டாஸ்மாக் பாரில், 2003இல் அரசாங்கமே கடை நடத்த வந்த பிறகு தலித் குடும்பங்கள் என்ன ஆயின என்று படம் எடுக்கவேண்டுமாம். ஆட்களுக்குத் தெரியாமல் எடுத்தால்தான் இயல்பாக வரும், நீங்கள் கூட இருந்தால் சந்தேகப்படமாட்டார்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மண்டபத்தில் அவர் பித்தலாட்டம் என்ற சொல்லைச் சொன்னபோது எனக்கு ஏன் கொதித்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

மறுவாரம் நானே போன் செய்தேன். "சார், எடுங்க. ஆனா குடிச்சிருக்கும்போது போகாதீங்க. காலைல ஏழு மணிக்கு, கரும்பு வெட்டப் போறதுக்கு முன்னாடி வாங்க. என்ன படம்னு சொல்லுங்க. வேணாம்னு சொல்றவங்கள விட்டுடுங்க. ஒருநாள் கூலி போச்சுன்னா அதைக் குடுங்க. எடுத்து முடிச்சா முதல்ல எங்க தெருவுல திரைகட்டிப் போடுங்க, பொம்பளைங்க எல்லாரும் பார்க்கட்டும். அவங்க வெட்டச் சொல்றதை வெட்டுங்க. பிறகு நீங்க எந்த விழாவுக்கு வேணும்னாலும் கொண்டுபோங்க" என்றேன்.

"அப்படிச் செஞ்சா உண்மை போயிடுமேம்மா" என்றார்.

நான் அந்தக் கண்காட்சிப் படத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்பா 2011இல் இறந்தார். அப்படியொரு படம் இருந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அம்மாவிடமும் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதுதான் சொன்னேன். அடுப்படியில் இருந்தவர் திரும்பாமலே, "எழுப்பி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? எழுந்திரிச்சிருப்பாரே, கூப்பிட்டா எழுந்திரிச்சிடுவாரே" என்றார்.

இயக்குநரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. இரண்டு மாதம் ஆகிறது.